கிழமைக் கடன் எடுத்துத் தையல் தொழிலைப் பெருக்கலாமா?

கொட்டகலைத் தங்கச்சி:
வணக்கம். கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகள் ஜூக்கி என்ற மோட்டார் தையல் மெஷினில் இருந்தேன். ஓர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதும், அறை வாடகை போக மிஞ்சியது ஊருக்கு வரும் பஸ் காசுதான். இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்), அம்மாவின் பழைய மிதி மெஷினில் தைக்கிறேன். பக்கத்து டிவிசனிலிருந்தும் துணி கொண்டு வருகிறார்கள்.

ஒரு ஜூக்கியும் துணி விளிம்பு அடிக்கும் ஓவர்லொக் மெஷினும் எடுத்து, தீபாவளிக்கு மொத்தமாகத் துணி வாங்கி, உடுப்பாகத் தைத்து விற்க ஆசை. லயக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. வங்கியில் ஈடு வைக்க ஒன்றுமில்லை. குழுக் கடனாக இரண்டு லட்சம் தருகிறார்கள், கிழமைதோறும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடி மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கமே வருவதில்லை.

ஹட்டன் கடைக்காரர்:
தங்கச்சி, தோட்டத்து ஆட்கள் தீபாவளி முற்பணம் கிடைக்கிற கிழமையில் ரொக்கமாக வாங்குவார்கள். மற்ற மாதங்களில் 10ஆம் திகதி சம்பளம், 20ஆம் திகதிக்குப் பிறகு எல்லாம் கடன் கொப்பி. அரிசிக் கடனை முதலில் அடைப்பார்கள், உடுப்புக் கடன் கடைசியில்தான். விற்காத உடுப்பு அடுத்த தீபாவளி வரை உங்கள் தலையில்.

மஸ்கெலியா அக்கா:
துணி வாங்கி அடுக்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2022 சித்திரைப் புத்தாண்டுக்குத் துணியும் கூலியும் சேர்த்து ஒரே விலை பேசி, மார்ச் தொடக்கத்திலேயே முற்பணம் வாங்கிவிட்டேன். அப்போது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. புத்தாண்டு வருவதற்குள் 300ஐத் தாண்டிவிட்டது. நான் துணி எடுக்கப் போன ஒவ்வொரு முறையும் கடையில் வேறு விலை. பேசிய விலையை மாற்ற மனம் வரவில்லை. பதினெட்டு உடுப்புகளை நட்டத்தில் தைத்துக் கொடுத்தேன். அதே நேரத்தில் துணியைத் தாங்களே கொண்டு வந்தவர்களிடம் கூலி முழுதாகக் கையில் நின்றது. அன்று முதல் அவர்கள் துணி, என் கூலி. நூல், பொத்தான், ஸிப் மட்டும் என்னுடையவை.

அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. அதைத் தைக்க ஆள் வேண்டும். விலை ஏறினாலும் பிள்ளைக்குச் சீருடை தைக்காமல் விடமாட்டார்கள்.

அம்மாவின் மெஷினை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. பக்கத்துத் தையல் கடையில் மோட்டார் மெஷின்கள் மூன்றும் சும்மா கிடந்தன. நான் வாசலில் மிதி மெஷினைப் போட்டு வெளிச்சம் மங்கும் வரை தைத்தேன். ஜூக்கி இப்போது வேண்டாம், ஓவர்லொக் மட்டும் எடுங்கள். நேர்த் தையலுக்கு மிதி மெஷின் போதும், விளிம்புக்கு அது உதவாது. சுற்றியுள்ள தையல்காரப் பெண்களும் விளிம்பு அடிக்க உங்களிடம் வருவார்கள். அது அன்றாடம் கைக்கு வரும் காசு.

குழுக் கடன் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் ஆட்களிடமிருந்து காசு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, தவணையோ நான்கு முறை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதில் உறவே முறிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். ஓவர்லொக் அளவுக்கு மட்டும் அடகு வையுங்கள். மீட்கும் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நுவரெலியா வாசகர்:
பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். வருகிற கூலியில் கொஞ்சத்தை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடுங்கள். உறுதி இல்லாதவர்கள் நாளைக்குக் கடன் கேட்டால் காட்டுவதற்கு அதுவாவது இருக்க வேண்டும்.

கொட்டகலைத் தங்கச்சி:
அக்கா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மிதி மெஷினை விற்க வேண்டாம் என்ற இடத்தில் அழுதுவிட்டார். அப்பா வாங்கிக் கொடுத்த மெஷின் அது. சங்கிலி வேண்டாம், என் தோடு போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை ஹட்டனில் பாவித்த ஓவர்லொக் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். விளிம்பு அடிக்க முழத்துக்கு வாங்குகிறீர்களா, உடுப்புக்கு இவ்வளவு என்றா?

மஸ்கெலியா அக்கா:
உடுப்புக்கு. முழம் போட்டால் அளக்கிற நேரத்தில் இன்னொரு உடுப்பை அடித்துவிடலாம்.