டோக்கியோ ஸ்டீபிள்சேஸ்: முன்னால் ஓடியது துணிச்சலா, தங்கத்தைத் தாரை வார்த்ததா?

நீர்த்தடை:
"டோக்கியோவில் கோர்ட்னி ஃபிரெரிக்ஸ் செய்தது துணிச்சலே அன்று, தங்கத்தைத் தாம்பாளத்தில் வைத்துப் பெருத் செமுட்டாய்க்குத் தாரை வார்த்தார்" என்று நண்பர் கடைசிவளைவு மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறார். முதல் இரண்டு முறை சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். இம்முறை என்னால் முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 4 அன்று நடந்த அந்த ஒலிம்பிக் பெண்கள் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும், நீர்க்குழியோடு கூடிய நீர்த்தடைகளையும் தாண்டி ஓடும் ஓட்டம்) இறுதிப் போட்டியின் முடிவு இது: உகாண்டாவின் செமுட்டாய் 9:01.45, அமெரிக்காவின் ஃபிரெரிக்ஸ் 9:04.79, கென்யாவின் ஹைவின் கியெங் 9:05.39. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது வெறும் 0.60 விநாடி. பின்பாதியில் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு முன்னே சென்று ஃபிரெரிக்ஸ் சேர்த்துவைத்த இடைவெளியில் கடைசியில் மிஞ்சியது அவ்வளவுதான். அதை அவர் முன்கூட்டியே சேர்த்திருக்காவிட்டால், கடைசி நேர்ப்பாதையில் கியெங்கோடு தோளோடு தோள் ஓட வேண்டியிருந்திருக்கும். கியெங் யார் என்பதாவது நினைவிருக்கிறதா? 2015-இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் முதல் மூவரும் 0.14 விநாடிக்குள் கோட்டைத் தொட்டபோது, அதில் முதலாவதாகத் தொட்டவர் அவர்தான். ஆகவே அந்த 0.60 விநாடிதான் ஃபிரெரிக்ஸின் பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானித்தது. பின்னால் ஒளிந்து ஓடியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது வெண்கலம்.

கடைசிவளைவு:
என் பெயரைச் சொல்லி இழையே தொடங்கிய பெருந்தன்மைக்கு நன்றி. நீங்கள் ஆதாரமாகக் காட்டும் அதே 0.60 விநாடிதான் உங்களுக்கு எதிரான சாட்சி. தனியாகப் பிய்த்துக்கொண்டு போன ஒருவருக்கும் அவர் பின்னால் விட்டுச்சென்ற கியெங்குக்கும் இடையே கோட்டருகே 0.60 விநாடி மட்டும் மிஞ்சியது என்றால், சேர்த்ததையெல்லாம் கடைசிச் சுற்றில் கரைத்துவிட்டார் என்றுதானே பொருள்? முன்னால் ஓடியதன் விலை அது. அவரது நிழலிலேயே ஓடிவந்த செமுட்டாய் கடைசிச் சுற்றில் அவரைக் கடந்து 3.34 விநாடி முன்னதாக முடித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை இது. உடைத்தவரே அதைத் துணிச்சல் என்று சொல்லலாம், பார்ப்பவர்கள் சொல்லக் கூடாது.

ஒருசுற்று:
இருவரையும் ஒன்று கேட்கிறேன். 'முன்னால் ஓடுவது' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? 2019-இல் தோஹா உலகப் போட்டியில் கென்யாவின் பீட்ரிஸ் செப்கோச் தொடக்கத்திலிருந்தே தனியாக ஓடி 8:57.84-இல் முடித்ததையா, அல்லது ஃபிரெரிக்ஸைப் போல நடுவில் பிரிந்து செல்வதையா? இரண்டும் வெவ்வேறு உத்திகள். முதலில் இதை வரையறுத்துக்கொண்டால் வாதம் பயனுள்ளதாக இருக்கும்.

நீர்த்தடை:
கடைசிவளைவு அவர்களே, 0.60 விநாடி கரைந்துபோனதன் மிச்சம் என்கிறீர்கள். மிச்சம் இருந்தது என்பதையாவது ஒப்புக்கொண்டீர்களே, மகிழ்ச்சி. ஃபிரெரிக்ஸ் கூட்டத்தின் நடுவிலேயே இருந்திருந்தால் மிச்சம் என்று ஒன்று இருந்திருக்குமா? செமுட்டாய் அன்று யாரையும் வெல்லும் நிலையில் இருந்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலேயே 17 வயதுச் சிறுமியாக ஓடியவர், டோக்கியோவில் 22 வயதில் உகாண்டாவின் முதல் பெண் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அவரை அன்று யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. எனவே 3.34-ஐப் பற்றிப் பேசுவது வீண். பேச வேண்டியது 0.60-ஐப் பற்றி.

வேகக்கணக்கு:
இருவருக்கும் பயன்படுமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 3000 மீட்டரை 9 நிமிடத்தில் ஓடினால் வேகம் மணிக்குச் சரியாக 20 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஓடுபவருக்குக் காற்றின் எதிர்ப்பு ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் இது தடையற்ற ஓட்டமும் அன்று. 28 தடைகளும் 7 நீர்த்தடைகளும் சேர்த்து 35 முறை தாண்ட வேண்டும். பெண்களுக்கான தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், இடித்தால் விழுந்து வழிவிடும் 100 மீட்டர் ஓட்டத் தடையைப் போன்றதன்று, நகராத கனத்த மரக்கட்டை. கூட்டத்துக்குள் ஓடுபவருக்கு அந்தக் கட்டை கடைசி இரண்டு மூன்று அடிகளில்தான் கண்ணில் படும். அவர் அடியைக் குறுக்குவார், தயங்குவார், முன்னால் இருப்பவர் இடறினால் தானும் இடறுவார். முன்னால் ஓடுபவர் தன் அடிகளைத் தானே அளந்து வைக்கலாம். காற்றில் இழப்பதைத் தடையில் மீட்கும் வாய்ப்பு இந்த ஓட்டத்தில்தான் உண்டு.

நீர்த்தடை:
பார்த்தீர்களா! இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிவளைவு:
நீங்கள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது 0.60 என்ற ஒரே எண்ணை மட்டுமே. தடையின் உயரத்தையோ காற்றையோ பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மற்றவர் விளைத்ததைத் தன் களத்தில் கொட்டிக்கொள்வது உங்கள் பழைய வழக்கம்; புடாபெஸ்ட் விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

வேகக்கணக்கு சொல்வது சரியென்றே வைத்துக்கொள்வோம். முன்னால் ஓடுபவருக்கு முழுப் பார்வை கிடைக்கிறது. அவருக்கு அடுத்து ஓடும் ஒரே ஒருவருக்கும் பக்கவாட்டில் சற்றே விலகி ஓடினால் ஏறக்குறைய அதே பார்வை கிடைக்கிறது, அதோடு காற்றுமறைவும் கிடைக்கிறது. செமுட்டாய் ஓடிய இடம் அதுதான். இரண்டு நன்மையையும் அவருக்குக் கொடுத்தது யார்? முன்னால் ஓடிய மகராசி.

பழையஓடுதளம்:
முன்னால் ஓடினால் வெல்ல முடியாது என்பதுபோல் பேசுகிறீர்களே, இந்த ஓட்டத்தின் வரலாறே முன்னால் ஓடியவர்களால் எழுதப்பட்டதல்லவா? 2008-இல் பெய்ஜிங்கில் பெண்கள் ஸ்டீபிள்சேஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோதே குல்னாரா சமிடோவா-கல்கினா எல்லாரையும் பின்னால் விட்டு 8:58.81-இல் முடித்தார், 9 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் அவர். 2016-இல் ரியோவில் ரூத் ஜெபெட் 8:59.75-இல், அடுத்தவரைவிட 7 விநாடிக்கும் மேல் முன்னதாக முடித்தார்.

கடைசிவளைவு:
ஜெபெட்டா? ஊக்கமருந்துக்காக நான்கு ஆண்டுத் தடை பெற்றவரையா உத்திக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டுவருகிறீர்கள்? நல்ல பாடம்.

பழையஓடுதளம்:
தடைக்குக் காரணமான மாதிரி 2017 டிசம்பரில் எடுக்கப்பட்டது. ரியோ பதக்கம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடைசிவளைவு:
தேதி எனக்கும் தெரியும். அவரது ஓட்டத்தைப் பார்த்து உத்தியை மெச்ச எனக்கு மனம் வரவில்லை என்றுதான் சொன்னேன். உங்களுக்கு வந்தால் மெச்சிக்கொள்ளுங்கள்.

நீர்த்தடை:
ஜெபெட்டை விடுங்கள். அவரை இழுத்துவந்து பேச்சைத் திசைதிருப்ப வேண்டிய தேவை எனக்கில்லை, 0.60 விநாடிக்கே இன்னும் பதில் வரவில்லை. முயலுக்கு மூன்றே கால் என்று நண்பர் நிற்கிறார். மீண்டும், மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். ஃபிரெரிக்ஸ் தொடக்கத்திலிருந்து கூட்டத்தோடு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி மந்தமாகப் போகிறது. கடைசி 400 மீட்டர் வரை எட்டுப் பேர் ஒன்றாக வருகிறார்கள். அந்த எட்டுப் பேரில் விரைவோட்டத்தில் வல்லவர் ஃபிரெரிக்ஸா, கியெங்கா? கியெங்தான். தன்னிடம் இல்லாத ஆயுதத்தைக் கடைசியில் தேடாமல், இருக்கும் ஆயுதத்தை முன்னதாகவே எடுத்தார் ஃபிரெரிக்ஸ். நீண்ட நேரம் வேகத்தைத் தாங்குவதுதான் அவரது ஆயுதம். 2018-இல் மொனாகோவில் செப்கோச் 8:44.32 என்ற உலகச் சாதனையைப் படைத்த அதே ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து 9:00.85 ஓடியவர் அவர். தன் பலத்தை அறிந்து ஓடியவரைத் 'தாழியை உடைத்தவர்' என்பவர், உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கைத் தவிர வேறெந்தப் பறவையையும் பார்த்ததில்லை போலும்.

கடைசிவளைவு:
பறவைகளைப் பற்றிப் பிறகு பேசலாம். கடைசி விரைவோட்டத்தில் கியெங்கை ஃபிரெரிக்ஸ் வெல்ல முடியாது என்பதுதானே உங்கள் முழு வாதமும் நிற்கும் தூண்? 2017 லண்டன் உலகப் போட்டியின் முடிவை எடுத்துப் பாருங்கள். எம்மா கோபர்ன் 9:02.58, ஃபிரெரிக்ஸ் 9:03.77, கியெங் 9:04.03. ஃபிரெரிக்ஸ் அன்று காத்திருந்துதான் ஓடினார், கடைசியில் கியெங்கை 0.26 விநாடியில் வென்றார், வெள்ளி பெற்றார். முன்னால் ஓடாமலே வெள்ளி! டோக்கியோவில் பாடுபட்டு வாங்கிய அதே வெள்ளியை நான்கு ஆண்டுக்கு முன்பே பாடுபடாமல் வாங்கியிருக்கிறார். இப்போது உங்கள் 0.60-ஐ எந்த மாடத்தில் வைப்பீர்கள்?

ஒருசுற்று:
இது நியாயமான கேள்வி. என் கேள்வியும் நியாயமானதுதான், அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

நீர்த்தடை:
2017 வேறு, 2021 வேறு. லண்டனில் செப்கோச் முதல் நீர்த்தடையைக் கவனிக்காமல் நேராக ஓடி, திரும்பி வந்து தாண்டி, மீண்டும் கூட்டத்தைப் பிடித்து நான்காவதாக வந்தார் என்பதை உலகமே பார்த்தது. அப்படிக் குழப்பத்தில் தொடங்கிய போட்டியை அளவுகோலாக வைப்பது நேர்மையா?

கடைசிவளைவு:
வழி தவறியவர் செப்கோச். 0.26 விநாடியில் தோற்றவர் கியெங். இருவரும் ஒருவரே என்று எப்போது முடிவுசெய்தீர்கள்?

நீர்த்தடை:
ஒரு போட்டியில் ஒருவர் குழம்பினால் எல்லாரின் ஓட்டமும் மாறும் என்பது ஓடுதளத்தில் ஒருமுறையாவது நின்றவருக்குத் தெரியும். நாற்காலியில் இருந்து விநாடி எண்ணுபவர்களுக்குத் தெரியாததில் வியப்பில்லை. மேலும் அந்த 2021-இலேயே, டோக்கியோவுக்கு 17 நாள் கழித்து, ஃபிரெரிக்ஸ் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 8:57.77 ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். அந்த வேகத்தைத் தன்னால் தாங்க முடியும் என்று டோக்கியோவில் முன்னால் ஓடித்தான் அவர் கண்டுகொண்டார்.

வேகக்கணக்கு:
யூஜீனில் வென்றவர் நோரா ஜெருட்டோ, 8:53.65. ஃபிரெரிக்ஸ் அங்கே இரண்டாம் இடம். முன்னால் வேகமாக ஓட ஒருவர் இருந்தபோதுதான் அவரது வாழ்நாள் சிறந்த நேரம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கடைசிவளைவு:
நன்றி, வேகக்கணக்கு. நீர்த்தடை தன் குழியைத் தானே வெட்டும்போது மண்ணள்ள ஆள் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸில் அதே செமுட்டாய் முன்னால் ஓடினார். 8:53.34, டோக்கியோவில் தங்கம் வென்ற நேரத்தைவிட 8 விநாடிக்கும் மேல் விரைவு. கிடைத்தது வெள்ளி. அவருக்குப் பின்னால் பொறுமையாக வந்த வின்ஃபிரட் யாவி கடைசி நேர்ப்பாதையில் கடந்து 8:52.76-இல் ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தை எடுத்துச் சென்றார். பின்னால் ஓடியபோது தங்கம், முன்னால் ஓடியபோது வெள்ளி, ஓடியவர் ஒருவரே. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நீர்த்தடை:
யாவியின் விரைவோட்டத்தை அறிந்துதான் செமுட்டாய் முன்னால் சென்றார். காத்திருந்திருந்தால் 0.58 விநாடியில் தோற்றிருக்க மாட்டார், இரண்டு விநாடியில் தோற்றிருப்பார், பின்னால் 8:55.15-இல் மூன்றாவதாக வந்த செரோடிச்சிடமும் தோற்றிருப்பார். பாரிஸும் என் பக்கமே பேசுகிறது.

பழையஓடுதளம்:
அப்படியானால் முன்னால் ஓடுபவர் வென்றாலும் நீங்கள் சொன்னது சரி, தோற்றாலும் நீங்கள் சொன்னது சரி. வசதியான உத்திதான். (நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன், இப்போது சற்றுத் தள்ளி நிற்கிறேன்.)

நீர்த்தடை:
தள்ளி நிற்பவர்கள் நிற்கட்டும். தனியாக ஓடுவது எனக்குப் புதிதன்று. டோக்கியோ ஓட்டத்தின் ஒவ்வொரு சுற்றையும் காணொளியைப் பார்த்து நானே அளந்து இங்கே பதிவிடுகிறேன், அதன்பிறகு 0.60 விநாடியைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியிருக்காது.

கடைசிவளைவு:
தாராளமாகப் பதிவிடுங்கள். அளக்கும்போது கடைசிச் சுற்றை விட்டுவிடாதீர்கள், 3.34 விநாடி அங்கேதான் கிடக்கிறது.

ஒருசுற்று:
அந்த அட்டவணையில் 'முன்னால்' என்பது எந்தத் தடையிலிருந்து தொடங்குகிறது என்பதையும் குறிப்பிடுவீர்களா?

நீர்த்தடை:
முதலில் 0.60-க்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.