துப்பாக்கிக் குழல் கழுவும் நீர்மத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், சேலம்:

அனைவருக்கும் வணக்கம். மாவட்டத் துப்பாக்கிச் சுடும் சங்கம் ஒன்றுக்காக .22 ரைபிள் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் பள்ளி மாணவர்கள், தேசிய மாணவர் படையினர்.

சுட்ட பிறகு குழலுக்குள் ஒட்டியிருக்கும் கரியையும் மெழுகையும் எடுப்பதற்கு ஒரு நீர்மம் உண்டு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் போன்ற அசையும் பாகங்களுக்கு இடுவது வேறு. துருப் பிடிக்காமல் மேலே பூசி வைப்பது இன்னொன்று. மைதானத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான், எண்ணெய். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. கரி எடுக்கும் நீர்மத்தைத் தடவி, துடைக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காப்புக்குப் பூசிய எண்ணெயைத் துடைக்காமலே அடுத்த வாரம் சுடுகிறார்கள். மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். முதலில் கரி எடுக்கும் நீர்மம், ஆங்கிலத்தில் சால்வென்ட். 'கரைப்பான்' என்றால் போதுமா?

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

போதாது. 'கரைப்பான்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: கரை, சந்தி ப், எதிர்கால இடைநிலை ப், ஆண்பால் விகுதி ஆன். கரைக்கப்போகிறவன் ஒருவன் என்றுதான் பொருள் வரும். அஃறிணைக் கருவிக்கும் செய்பொருளுக்கும் தமிழ் வைத்திருப்பது இகர விகுதி. மண்வெட்டி கருவிப்பொருளில் வந்தது, மரங்கொத்தி வினைமுதற்பொருளில் வந்தது, ஊருணி செயப்படுபொருளில் வந்தது. வள்ளுவர் சினத்துக்கு வைத்த பெயரே 'சேர்ந்தாரைக் கொல்லி' (306). ஆகவே 'கரைப்பி' என்பதே முறை.

வேதியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயா, 'கரைப்பான்' இரு நாட்டுப் பாடநூல்களிலும் நிலைத்துவிட்ட சொல். கரைகிற பொருளை நாங்கள் கரையம் என்கிறோம், நீங்கள் கரைபொருள் என்கிறீர்கள். அதில் வேறுபட்டவர்கள் கரைப்பானில் ஒன்றுபட்டிருக்கிறோம். கிடைத்த ஒற்றுமையை இலக்கணத்துக்காக உடைக்க வேண்டாம். அடைப்பான், கரப்பான் எல்லாம் எந்த ஆண்மகனைக் குறிக்கின்றன?

என் கவலை வேறு. கரைப்பான் என்று பொதுவாகச் சொன்னால் எதைக் கரைப்பது என்று மாணவனுக்குத் தெரியாது. ஒவ்வோர் அழுக்குக்கும் ஒவ்வொரு கரைப்பான் வேண்டும். பழைய .303 தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலுக்குள் படியும். காற்றின் ஈரத்தை இழுத்துச் சில நாட்களில் எஃகை அரித்துவிடும். எந்த எண்ணெயும் அந்த உப்பைக் கரைக்காது. அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றினார்கள். அங்கே கரைப்பான் வெறும் தண்ணீர். செம்பு உறையிட்ட தோட்டாக்கள் விட்டுச்செல்லும் செம்புக்கு அம்மோனியா கலந்தது வேண்டும். மெழுகுக்கும் வெடிமருந்து எச்சத்துக்கும் மண்ணெண்ணெய் வகை போதும்.

சுடுதல் பயிற்சியாளர், வேலூர் (முன்னாள் படைவீரர்):

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். .22 தோட்டாவில் பெரும்பாலும் வெறும் ஈயமும் மெழுகும்தான். செம்பு உறை கிடையாது. அம்மோனியா கலந்த புட்டியை மாணவர்கள் வாங்கவே தேவையில்லை. கடைக்காரர் விலை உயர்ந்ததைக் கையில் கொடுப்பார், 'செம்பு எடுக்கும்' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும், வாங்கிவந்து இரவு முழுவதும் குழலுக்குள் ஊறவிடுவார்கள். அம்மோனியா மிகுந்த நீர்மத்தை அப்படி நெடுநேரம் விடவே கூடாது. எனவே பெயரிலேயே வேலை தெரிய வேண்டும். 'கரிக்கரைப்பான்', 'செம்புக்கரைப்பான்' என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

குழலில் ஈயம் ஒட்டிவிட்டால் வெண்கலப் பிரஷ்ஷும் பொறுமையும்தான் வேலை செய்யும். ஈயத்தைக் கரைக்கும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

பொறியாளர், கோவை:

கரி கரைகிறதா? சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல வெடிமருந்துக் கரி எந்த நீர்மத்திலும் கரைவதில்லை. நீர்மம் அதைச் சூழ்ந்து, நனைத்து, இளக்கி, இரும்பிலிருந்து பெயர்க்கிறது. துணி அதைச் சுமந்து வெளியே வருகிறது. ஆக, 'கரிக்கரைப்பான்' அறிவியலுக்கு மாறானது. 'இளக்கி' என்று சொல்லலாமே.

மொழிபெயர்ப்பாளர், சேலம்:

'இளக்கி' என்றதும் எல்லோருக்கும் மலமிளக்கி நினைவுக்கு வரும். பள்ளி மாணவர்கள் படிக்கும் நூலில் அந்தச் சொல்லை என்னால் அச்சேற்ற முடியாது.

தனித்தமிழ் ஆர்வலர், சிதம்பரம்:

'கசடு' என்ற அருமையான சொல் இருக்கும்போது கரி, படிவு என்று ஏன் அலைகிறோம்? 'கற்க கசடற' என்று படித்த பிள்ளைகளுக்கு அதைவிட எளிய சொல் எது? குழலுக்குள் ஒட்டியிருப்பதெல்லாம் கசடு, அதைப் போக்குவது கசடறுப்பி. செம்பு வகைக்குக் 'களிம்பறுப்பி'. செம்பில் ஏறும் பச்சைக்குக் களிம்பு என்பதுதான் நம் பெயர். சைவ சித்தாந்திகள் உயிரைப் பிணிக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்பு. செம்பு என்று பிறந்ததோ அன்றே களிம்பும் உடன்பிறந்தது, அதுபோல உயிரோடு மலம். எவ்வளவு ஆழமான உவமை பாருங்கள். தோட்டாவின் செம்பு குழலைப் பற்றுவதும் ஒரு மலபந்தம்தான். அதை அறுப்பது களிம்பறுப்பி.

வேதியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

உவமையின் அழகை மறுக்கவில்லை. ஆனால் குழலுக்குள் இருப்பது களிம்பு அன்று, உலோகச் செம்பு. அம்மோனியா பட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்த பிறகே அது நீலமாக மாறித் துணியில் ஏறுகிறது. நீலம் வந்தால் செம்பு இருக்கிறது என்று அறிந்துகொள்கிறார்கள். வெண்கலப் பிரஷ்ஷோ பித்தளை முனையோ குழலுக்குள் போயிருந்தால் அவற்றிலுள்ள செம்பே கரைந்து நீலம் காட்டும். குழல் சுத்தமாகவே இருந்தும் மாணவர்கள் மீண்டும் மீண்டும் தேய்ப்பார்கள். இந்த எச்சரிக்கையைக் கையேட்டில் அவசியம் எழுதுங்கள்.

மேலும், இன்று களிம்பு என்றால் புண்ணுக்குப் பூசும் மருந்து. மருந்தகம் போகிற எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். அசையும் பாகங்களுக்கு இடும் லூப்ரிகன்டுக்கு 'உயவு' என்று பாடநூலில் எழுதுகிறார்கள். சங்க நூல்களில் உயவுதல் என்றால் வருந்துதல். வழுக்கிப் போக வைப்பதற்கு வருத்தத்தின் பெயரா என்று கேட்கலாம். ஆனால் அகராதியில் உயவுநெய் என்றால் வண்டியச்சுக்கு இடும் எண்ணெய். அச்சு வருந்தாமல் இருக்க இடுவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அச்சு என்றதும் புறநானூறு 102 நினைவுக்கு வருகிறது. உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள், 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமோ என்ற முன்யோசனை. ஒளவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு ஏற்றிய வண்டிக்கும் உப்பு அரிக்கும் துப்பாக்கிக்கும் காப்பு ஒன்றே என்று எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. 'உயவெண்ணெய்' என்று துணிந்து எழுதுங்கள்.

சுடுதல் பயிற்சியாளர், வேலூர்:

ஐயா, வண்டிக்காரர்கள் சொன்னது மசகு, அல்லது வண்டி மை. வைக்கோலை எரித்த கரியில் எண்ணெய் குழைத்தது. கிராமத்து மாணவனின் தாத்தா அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார். உயவை யாரும் சொன்னதில்லை.

தனித்தமிழ் ஆர்வலர், சிதம்பரம்:

மசகு வடமொழி 'மஷி'யிலிருந்து வந்தது என்பார்கள். நான் ஏற்கவில்லை. மை, மசி, மசகு என்று தமிழிலேயே அது வளர்ந்திருக்கிறது. மசிதல் என்றால் குழைதல். கீரையை மசிக்கிறோம். குழைந்த கருமை மசகு. வேர் நம்முடையது.

வேதியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

வேர் யாருடையதானாலும் எங்களுக்கு மசகு எண்ணெய் என்றால் கிணற்றிலிருந்து எடுத்த சுத்திகரிக்காத எண்ணெய். நீங்கள் கச்சா எண்ணெய் என்பதை இலங்கைச் செய்தித்தாள்கள் தினமும் மசகெண்ணெய் என்றே எழுதுகின்றன. 'உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை உயர்வு' என்பதை எந்தக் குழந்தையும் படித்திருக்கும். இந்தக் கையேடு இணையத்தில் ஏறினால் எங்கள் மாணவர்களும் படிப்பார்கள். கச்சா எண்ணெயைத் துப்பாக்கியில் ஊற்றச் சொல்வதாகத்தான் அவர்களுக்குப் படும்.

பொறியாளர், கோவை:

எண்ணெய்ச் சொற்களில் வெற்றி பெற்றது மண்ணெண்ணெய்தான். பர்மாவில் மண்ணிலிருந்து ஊறியதை இந்திய மொழிகள் பலவும் மண்ணின் எண்ணெய் என்றே அழைத்தன. ஆங்கிலேயர்கள் அதைக் கேட்டு 'எர்த் ஆயில்' என்று எழுதிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படை துப்பாக்கிகளுக்குப் பூசிய ரங்கூன் எண்ணெயும் அதே பர்மாவின் கொடை. எந்தக் குழுவும் கூடி அந்தப் பெயரை வைக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னது, நிலைத்தது. நம் சொல்லும் எதற்கு இடுவது என்பதைச் சொன்னால் நிலைக்கும். 'அசைவெண்ணெய்' என்று வைக்கலாமா? அசையும் பாகத்துக்கு இடுவது.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

'அசைவு எண்ணெய்' என்பதை அசைவ எண்ணெய் என்று படித்துவிடுவார்கள். 1857இல் என்ஃபீல்டு தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருப்பதாகப் பரவிய பேச்சு வட இந்தியாவின் பெரும்பகுதியைப் பற்ற வைத்தது. துப்பாக்கி எண்ணெய்க்கு அப்படிப் படிக்க இடம் தரும் பெயர் வேண்டவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர், சேலம்:

இன்னும் ஒரு சிக்கல். சுத்தம், உயவு, காப்பு மூன்றையும் ஒரே புட்டியில் தரும் சிஎல்பி என்ற வகையை அமெரிக்கப் படை பயன்படுத்துகிறது. 'முப்பயன் எண்ணெய்' என்று எழுதியிருக்கிறேன்.

சுடுதல் பயிற்சியாளர், வேலூர்:

பெயர் நன்று, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவன் வேறெதுவும் வாங்கமாட்டான். அன்றாடத் துடைப்புக்கு அது சரி. பல நாள் கரி ஏறிய குழலுக்குத் தனிக் கரைப்பான்தான் வேண்டும் என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். டபிள்யூடி-40ஐயும் ஒரு வரி சொல்லுங்கள். 1953இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியவர்கள் வைத்த பெயருக்கு, நீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்று பொருள். நீரை விலக்குவது அதன் வேலை. அதையே உயவாக நம்பி விடுகிறார்கள். பெரும்பகுதி ஆவியாகி மெல்லிய படலம்தான் மிஞ்சும்.

கையேட்டில் காற்றுத் துப்பாக்கி பற்றியும் எழுதுகிறீர்கள் என்றால் ஒரு பெட்டிச் செய்தி தேவை. ஸ்பிரிங் வகையின் அழுத்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போனால், காற்று நெரிபடும் சூட்டில் அது டீசல் எஞ்சினில்போலத் தீப்பற்றும். உள்ளே காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம் கெடும், பெல்லட் என்ற சிறு குண்டின் வேகம் தாறுமாறாகும். அங்கே உயவு, மசகு, காப்பு எதுவும் வேண்டாம். தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் இட வேண்டும்.

குழல் துடைக்கும் துணிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர், சேலம்:

'துணிக்கீற்று'. அதைக் குழலுக்குள் இழுக்கும் கயிற்றுக்கு 'இழுகயிறு'.

சுடுதல் பயிற்சியாளர், வேலூர்:

இங்கே மாறுபடுகிறேன். தேசிய மாணவர் படையில் சேர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதல் நாளே கற்பது துணிக்குச் சிந்தி, கயிற்றுக்குப் புல்த்ரூ. நான்குக்கு இரண்டு அங்குலம் வெட்டிய சிந்தி என்று சொன்னால் உடனே கை நீளும். 'துணிக்கீற்று எடு' என்று கட்டளையிட்டால் விழிப்பான். இந்திச் சொல் என்பதற்காக அதை நீக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்ததுதானே.

தனித்தமிழ் ஆர்வலர், சிதம்பரம்:

துப்பாக்கி வந்தது அன்று, சொல்லும் வந்தது. துணி நம்மிடம் என்றைக்கும் இருந்தது. கிழித்த துணிக்கும் வெளியிலிருந்து பெயர் வேண்டுமா? இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர், சேலம்:

அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. பலர் ஒத்துப்போனதை வைத்து இப்படி முடித்திருக்கிறேன்: கரிக்கரைப்பான், செம்புக்கரைப்பான், உயவெண்ணெய், காப்பெண்ணெய், முப்பயன் எண்ணெய். கரி கரைவதில்லை, இளகிப் பெயர்கிறது என்று கோவை நண்பர் சொன்னதை விளக்கத்தில் சேர்த்திருக்கிறேன். இலங்கை வாசகர்களைக் கருதி மசகை எங்கும் எழுதவில்லை. துணிக்கீற்று என்று எழுதி, 'பயிற்சிக் களத்தில் சிந்தி என்பார்கள்' என ஒரு முறை குறித்திருக்கிறேன். முதல் பக்கத்தில், புட்டியைத் திறக்கும் முன் துப்பாக்கியின் அறையில் தோட்டா இல்லை என்று பார்க்க வேண்டும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், முடிந்ததும் ஈயம் போகச் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பவை கட்டம் கட்டி வருகின்றன.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

வாழ்த்துகள். ஆனால் கரைப்பான் பிழையே. அடைப்பான், கரப்பான் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

சுடுதல் பயிற்சியாளர், வேலூர்:

சிந்தி குறிப்புக்கு நன்றி. அதைப் பொருட்பட்டியல் பக்கத்திலும் போடுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் கடைக்கு எடுத்துப் போவார்கள்.