ஐந்தொகையில் தீராத ஒரு மிச்சம்: எக்செல் அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடித் தரைக்கற்கள் செய்யும் பட்டறை ஒன்றின் கணக்கை நான் எக்செலில் எழுதி வருகிறேன். ஐந்தொகையில் வரவுக்கும் பற்றுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் 0.00 என்றே தெரிந்தாலும், அது சுழிதானா என்று வாய்பாட்டால் சோதித்தால் ‘இல்லை’ என்று விடை வருகிறது. திரையில் காட்டும் தசம இடங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கிப் பார்த்தபோது 0.000000000058 எஞ்சியிருந்தது.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என முடிவின்றி நீள்வதைப் போலவே, பத்துப் பைசாவைக் குறிக்கும் 0.1, கணினி பயன்படுத்தும் இரும எண் முறையில் (0, 1 ஆகிய இரு இலக்கங்களே கொண்டது) முடிவின்றி நீள்கிறது என்பதும், கணினியில் தசம எண்களைச் சேமிப்பதற்கான தரமுறையான ஐஇஇஇ 754-இன்படி அதை 64 பிட்டுகளுக்குள் (இரும இலக்கங்களுக்குள்) அடக்குவதால் இப்பிழை பிறக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. புரியாதது திருத்தும் இடம்தான். சதுர அடிக் கணக்கில் எழுதும் ஒவ்வொரு பட்டியலின் தொகையையும் ரவுண்ட் வாய்பாட்டால் இரண்டு தசமங்களுக்கு முழுமையாக்க வேண்டுமா, இறுதி வித்தியாசத்தை மட்டும் முழுமையாக்கினால் போதுமா? தொகைகளைப் பைசாவாக, முழு எண்ணாகவே எழுதுவோர் இங்கு உண்டா? திரையில் தெரியும் அளவுக்கே எண்களை வெட்டிவிடும் அமைப்பு மூல எண்களை நிரந்தரமாக மாற்றிவிடுவதால், அதைத் தொட எனக்கு மனமில்லை.

மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டியிருப்பதால், அனுபவமுள்ளோர் விரைவில் வழிகாட்டினால் மிக்க நன்றியுடையவனாவேன்.