சித்தியோட கிறிஸ்டல் பொம்மைகள்: போட்டோவுல விளிம்பே தெரிய மாட்டேங்கு, வழி சொல்லுங்க

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில கணக்கு டீச்சரா இருக்கேன். கேமரா பத்திப் பெரிசாத் தெரியாது. விஷயம் எங்க சித்தியப் பத்தினது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன்.

சித்திக்கு 79 வயசு. 1976ல நர்ஸ் வேலைக்கு ஆஸ்திரியா போனாவ, இன்ஸ்ப்ரூக் ஊருக்கு. 2003ல ரிட்டயர் ஆகித் திரும்பி வந்தாவ. அங்க கிறிஸ்மஸுக்கு ஒரு மாசச் சம்பளம் கூடுதலாக் குடுப்பாங்களாம். எங்க அம்மா கல்யாணம், மாமா படிப்பு, இந்த வீட்டு மச்சு எல்லாம் அந்தப் பணத்துலதான் நடந்துச்சு. அதுல மிச்சம் பிடிச்சு வருசத்துக்கு ஒரே ஒரு ஸ்வரோவ்ஸ்கி பொம்மை வாங்குவாவ. அந்தக் கம்பெனி இருக்கிற வாட்டன்ஸ் ஊரு இன்ஸ்ப்ரூக்குல இருந்து 15 கிலோமீட்டர்தான், பஸ்ல போய்ட்டு வருவாவளாம். முதல்ல வாங்கினது எலி. கம்பெனிக்காரங்க செஞ்ச முதல் பொம்மையே 1976ல வந்த அந்த எலிதான். சரவிளக்குக்கு வச்சிருந்த கல்லுகளை ஒட்டிச் செஞ்சது. சித்தி 1977 கிறிஸ்மஸுக்கு வாங்கினாவ. அப்படியே 2002 வரைக்கும் 26 பொம்மை. ஒண்ணு கூட வித்ததும் இல்ல, யாருக்கும் குடுத்ததும் இல்ல.

இப்ப சித்திக்கு ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிட்டு. மேக்குலாவுல, அதான் விழித்திரையோட நடுப்பகுதியில, கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. ஓரத்துல மட்டும் மங்கலாத் தெரியும். போன பங்குனியில கரடிய எடுக்கப் போயி கை தவறி, இடது காது நுனி தெறிச்சிட்டு. அன்னையில இருந்து பீரோவையே திறக்க மாட்டேங்காவ. எங்க வீட்டு டிவி 43 இஞ்ச். ஒவ்வொரு பொம்மையாப் பெரிசா எடுத்து டிவியில போட்டா பக்கத்துல உக்காந்து பாப்பாவளேன்னு எனக்கு ஆசை.

போன்ல எடுத்துப் பாத்தேன். பட்டாசாலை சுவரு பச்சை, பொம்மை அம்புட்டும் பச்சையாயிட்டு. என் நீலச் சேலை மீனு வயித்துக்குள்ள தெரியுது. ட்யூப் லைட்டு கோடு கோடா விழுது. ஃபிளாஷ் போட்டா நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு, சுத்தி ஒண்ணுமில்ல. டிவியில போட்டுக் காட்டினேன். "ஐஸ் கட்டி மாதிரி இருக்கு, இது எது?"ன்னு கேட்டாவ. அது எலி. அவிய வாங்கின முதல் பொம்மை.

ஆன்லைன்ல விக்கிற லைட் பெட்டி வாங்கினா சரியாகுமா? இல்ல வீட்டுச் சாமான வச்சே ஏதும் செய்யலாமா?

தென்காசி ஸ்டுடியோ:

டீச்சர், 22 வருசமா நகைக்கடைகளுக்குப் படம் எடுத்துக் குடுக்கேன். பெட்டி வாங்காதீங்க. அதுல நாலு பக்கமும் வெள்ளை. கண்ணாடிக்குன்னு சொந்த நிறம் கிடையாது, சுத்தி இருக்கிறதைத்தான் வளைச்சுக் காட்டும். நாலு பக்கமும் வெள்ளையா இருந்தா பொம்மையும் வெள்ளைக்குள்ள கரைஞ்சு போயிரும். உங்க சேலையும் சுவரும் உள்ள தெரிஞ்சதுக்கும் அதுதான் காரணம். அந்தக் காலத்துப் பொம்மை ஈயம் கலந்த கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியை விட ஒளியைக் கூடுதலா வளைக்கும். ஜாஸ்தி அலைபாயத்தான் செய்யும்.

விளிம்பு தெரியணும்னா பொம்மைக்குப் பின்னால வெளிச்சமும் இருட்டும் அடுத்தடுத்து இருக்கணும். ரெண்டு விதமாச் செய்யலாம், ரெண்டுக்கும் ஒரே ஜன்னல் போதும். ஜன்னல் நிறைய ஒரு வெள்ளை வேட்டிய ஒத்தையா, சுருக்கம் இல்லாம இழுத்துக் கட்டுங்க. அதுக்கு ஒன்றரை அடி முன்னால ஸ்டூல், ஸ்டூல் மேல பொம்மை. மத்த ஜன்னல், கதவு, லைட்டு எல்லாத்தையும் அடைச்சிருங்க.

முதல் விதத்துல வேட்டியோட நடுப்பகுதி மட்டும் படத்துக்குள்ள தெரியட்டும். படத்துக்கு வெளிய, வலமும் இடமும் வேட்டிய மறைச்சு கருப்பு சார்ட் அட்டை. வெள்ளைப் பின்னணியில கருப்புக் கோடு போட்ட மாதிரி விளிம்பு வரும். ரெண்டாவது விதம் அதைத் தலைகீழாப் போட்டது. நடுவுல கருப்பு அட்டை, கேமராவுக்குள்ள தெரியிற இடத்தை விடக் கொஞ்சமே பெரிசா. அட்டையைச் சுத்தி வேட்டி வெளிச்சம் வரணும். அப்ப பின்னணி கருப்பு, விளிம்பெல்லாம் வெள்ளிக்கம்பி மாதிரி எரியும். அட்டைய ஒரு இஞ்ச் முன்ன பின்ன நகத்திப் பாருங்க, கோடு தடிக்கும், மெலியும். இந்த நகத்துறதுலதான் என் பாதி நாள் போகும். பொறுமையா இருங்க.

வடக்கு ஜன்னல்ல வெயிலே படாதுன்னு எழுதியிருப்பாங்க. வடநாட்டுல உச்சி வெயிலுக்கு அது சரி. நம்ம பக்கம் சித்திரை பிறந்ததுல இருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சி வெயில் வடக்காமதான் சாயும். நேர் வெயில்ல கிறிஸ்டலை வைக்கவே வைக்காதீங்க. உருண்டைப் பொம்மை பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சு, அடியில விரிச்ச பத்தமடைப் பாயைக் கருக்கிரும். தீப்பிடிச்ச கதையும் உலகத்துல உண்டு.

அம்பை பையன்:

அக்கா, போன்ல எடுக்கிறதுக்கு மட்டும் நான் சொல்லுதேன். கிட்டக் கொண்டு போகாதீங்க. ரொம்பக் கிட்டப் போனா நிறைய போன்ல வைட் லென்ஸ் தானா மாறிக்கிடும், எலியோட மூக்கு பெரிசாவும் உடம்பு சிறுத்தும் வரும். ரெண்டடி தள்ளி நின்னு 2x இல்லாட்டி 3x வையுங்க. போனை அரிசி டப்பாவுல சாச்சு வச்சு, 2 செகண்ட் டைமர். பொம்மை விளிம்புல விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல வார சூரியன் படத்தைக் கீழ இழுத்து வெளிச்சத்தைக் குறைங்க. கொஞ்சம் இருட்டா இருந்தாப் பிறகு ஏத்திக்கிடலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

ட்யூப் லைட்டு கோடு விழுறது ஏன்னா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தரம் துடிக்கும். லைட்டு போட்டுத்தான் எடுக்கணும்னா ப்ரோ மோடுல ஷட்டரை 1/50 இல்லாட்டி 1/100 வையுங்க, கோடு போயிரும்.

இன்னொண்ணு. வேட்டி வழியா வார மெத்துன்னு வெளிச்சத்துல வானவில் நிறம் தெரியாது. பட்டை போட்ட கல்லு நிறத்தைப் பிரிச்சுக் காட்டணும்னா சின்னப் புள்ளி மாதிரி ஒரு வெளிச்சம் வேணும். இன்னொரு போனோட டார்ச்சை மேல இருந்து பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க.

கண் ஆஸ்பத்திரி ஊழியர்:

நான் பதினொரு வருசமா பார்வை குறைஞ்சவங்க பிரிவுல வேலை பாக்கேன். படம் எடுக்கத் தெரியாது, ஆனா ஒண்ணு சொல்லணும். சித்திக்கு இருக்கிற மாதிரி கோளாறு உள்ள நிறையப் பேருக்குப் பளீர்னு இருக்கிற வெள்ளைத் திரை கண்ணைக் கூசும். கூசினா இருக்கிற பார்வையும் போன மாதிரி ஆயிரும். அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது விதம், கருப்புல வெள்ளை விளிம்பு, அதை முதல்ல காட்டிப் பாருங்க. வானவில் மினுக்கு அழகுதான், ஆனா உருவத்தைக் கலைக்கும். அதை வேற படமா வையுங்க. டிவிக்கு நேரா உக்கார வைக்காதீங்க. அவங்களுக்கு எந்தப் பக்கத்து ஓரப்பார்வை நல்லா இருக்கோ அதுக்குத் தோதா அவங்களே நாற்காலிய நகத்திக்கிடட்டும்.

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு சனிக்கிழமை ஆச்சு, இப்பத்தான் எழுத முடிஞ்சுது.

ரெண்டாங்கட்டு ஜன்னல்ல எங்க வீட்டுக்காரர் வேட்டியக் கட்டினேன். ஆடிக் காத்துல வேட்டி பாய்மரம் மாதிரி உப்பி உப்பி அடங்கிச்சு, அடியில ரெண்டு செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். தூசிதான் பெரிய பாடு. கருப்புப் பின்னணியில கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் நட்சத்திரமாத் தெரியுது! காத்து அடங்குற விடியக்காலம் ஆறரையில இருந்து எட்டு மணி வரைக்கும்னு நேரத்தை மாத்திக்கிட்டேன். பொம்மையெல்லாம் பசை போட்டு ஒட்டினது, தண்ணியில ஊற வைக்காதன்னு சித்தி சொன்னாவ. பருத்திக் கையுறை போட்டு மெல்லிய துணியால துடைச்சேன். முதல்ல மெடிக்கல் ஷாப் ரப்பர் கையுறை போட்டுப் பாத்தேன், அதுல இருக்கிற பவுடர் மீனு செதில் இடுக்குல போயி உக்காந்துக்கிட்டு; பெயின்ட் பிரஷ்ஷால எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு.

ஆஸ்பத்திரித் தம்பி சொன்னது அப்படியே நடந்துது. வெள்ளைப் பின்னணி படத்தைப் போட்டதும் சித்தி கைய நெத்திக்கு மேல வச்சு மறைச்சுக்கிட்டாவ. எனக்கு அந்தப் படம்தான் அழகாப் பட்டுது, மனசு கஷ்டமாப் போச்சு. அடுத்து கருப்புப் படம். நாற்காலிய இடப்பக்கமா நகத்தி, தலையச் சாச்சுக் கொஞ்ச நேரம் பாத்தாவ. "எலி"ன்னாவ. அடுத்தது வரும் முன்னாடியே, "இதுக்கு அப்புறம் ஆமைதான வரணும், 78"ன்னாவ. நான் எலிய மட்டும் முதல்ல வச்சு, மத்ததை அகர வரிசையில அடுக்கி வச்சிருந்தேன், அதனால வந்தது அன்னம். "அது இல்ல"ன்னு சொல்லிட்டு, எந்த வருசம் எதுன்னு வரிசையா 26ம் சொன்னாவ. 1987ல வந்த ஜோடிக் கிளிய வாங்க நாலு மாசம் வெளிய சாப்பிடாம இருந்த கதையும் அப்பத்தான் வெளிய வந்துது. எங்க யாருக்கும் தெரியாது. பேனாவ எடுத்து எழுதிக்கிட்டே இருந்தேன், அன்னைக்கு ராத்திரியே ஃபைல் பேரையெல்லாம் வருசப்படி மாத்திட்டேன்.

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு கேள்வி பாக்கி. அடியில இருக்கிற முத்திரையைச் சித்தி பாக்கணும்ங்காவ. பழசுல எழுத்து, 1980கள் கடைசிக்கு அப்புறம் வாங்கினதுல அன்னம். நேராப் பிடிச்சா ஒண்ணுமே தெரியல.

தென்காசி ஸ்டுடியோ:

டார்ச்சைக் கிட்டத்தட்டத் தரையோடு தரையாச் சாச்சு அடிங்க டீச்சர். வழவழப்பான இடத்துல பட்ட வெளிச்சம் கேமராப் பக்கம் திரும்பாது, சொரசொரப்பான முத்திரை மட்டும் பிடிச்சுக்கிடும். அடியில கருப்புத் துணி போடுங்க.

பாளை டீச்சர்:

வந்துட்டு அண்ணாச்சி! அன்னத்தோட கழுத்து வரைக்கும் தெளிவா இருக்கு.

ஒண்ணே ஒண்ணு திரும்ப எடுக்க வேண்டியிருக்கு. கரடியை வலது பக்கமாத் திருப்பி எடுத்திருந்தேன், உடைஞ்ச காது தெரிஞ்சா சித்தி வருத்தப்படுவாவன்னு. படம் வந்ததும், "இடது காது எங்கட்டி?"ன்னு கேட்டாவ. ஒண்ணும் சொல்லாம இருந்தேன். "எவ்வளவு போயிருக்குன்னு நான் பாக்க வேண்டாமா, கையில தடவிப் பாத்தா அளவு பிடிபடல"ன்னாவ. அதனால நாளைக்குக் காலையில கரடிக்கு இடது பக்கம். விளிம்பு இன்னும் தடிப்பாத் தெரியணும்னா அட்டையை முன்னால நகத்தணுமா, பின்னாலயா?