சிங்கப்பூர் தேக்காவில் தையல்காரர்கள் யாரையாவது தெரியுமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. ஜூனில் எஸ்வாத்தினி போகிறேன். பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்ஐவி உள்ள, தென் ஆப்பிரிக்காவை ஒட்டிய சின்ன நாடு. அங்கே ஒரு பெண்கள் காப்பகத்தில் தையல் சொல்லித்தரப் போகிறேன். மருந்து இலவசம்தான். ஆனால் மாத்திரை டப்பாவைக் கணவர் பார்த்தால் அடிப்பாரோ என்று பயந்து, சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். கையில் சொந்தக் காசு இருந்தால்தானே அந்த வீட்டைவிட்டு வெளியே வர முடியும்?

பணம் கேட்கவில்லை. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே முறையான அனுமதி வேண்டும். தேக்கா மாடித் தையல்கடைகளில் மிஞ்சும் பருத்தித் துணி, நூல்கண்டு, ஊசி கிடைத்தால் போதும். அப்புறம், கால்மிதி மிஷின் பழுதுபார்க்கத் தெரிந்தவர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கற்றுத்தர முடியுமா? அங்கே மிஷின் நின்றுபோனால் நான்தான் சரிசெய்ய வேண்டும்.