ஆகாயத்தாமரை நெகிழித் துகளை வடிகட்டுமா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை வாரிப் போட வருஷா வருஷம் பொக்லைன் வருகிறது. அதை மொத்தமாக ஏன் அழிக்க வேண்டும்? 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்களை அதன் தொங்கு வேர்கள் பிடித்து வைப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடை வாய்க்காலில் கலக்கும் இடத்தில் ஒரு தடுப்புக் கட்டி, அங்கே மட்டும் வளர விடலாமே.

கடைமடைக்காரன்:
அண்ணே, நீங்கள் தலைமடை போல. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும். வழியெல்லாம் இந்தத் தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும்தான். ஐப்பசி மழையில் மதகை அடைத்துக்கொண்டால் நடவு முழுகிப் போகும். "அங்கே மட்டும்" வளருகிற செடியா அது? ஒரு கொத்து தப்பி மிதந்து வந்தால் போதும். அப்புறம், அது நெகிழியைத் தின்பதில்லை, வேரில் ஒட்டவைத்துக்கொள்கிறது. செடி அழுகினால் எல்லாம் மறுபடி சேற்றுக்குத்தான்.

வெண்ணாற்றங்கரை:
அழுக ஏன் விட வேண்டும்? மாதம் ஒருமுறை அரித்தெடுத்து மட்க வைத்தால் நல்ல உரம்.

மண்புழு:
இங்கேதான் இடிக்கிறது. உரத்தோடு துகளும் வயலுக்குப் போகுமே? 2020இல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் வந்த ஆய்வு, கோதுமையிலும் லெட்யூஸ் கீரையிலும் பக்கவேர் முளைக்கும் வெடிப்பு வழியாக மிகச் சிறிய துகள்கள் உள்ளே நுழைவதைக் காட்டியது. நெல் மட்டும் தப்பிக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

ஐயாறு அக்கா:
செடியை ஏன் வளர்க்க வேண்டும், சாறு போதாதா? டெக்சாஸில் டார்ல்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரஜனி ஸ்ரீனிவாசன் குழு வெண்டைக்காயையும் வெந்தயத்தையும் வைத்தே செய்து பார்த்தது. அந்த வழுவழுப்பில் துகள்கள் திரண்டு அடியில் இறங்கிவிடுகின்றன. கடல்நீருக்கு வெண்டை, நிலத்தடி நீருக்கு வெந்தயம் நன்றாக வேலை செய்ததாம். கலங்கல் தண்ணீர்க் குடத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்போமே, ஏறக்குறைய அதே சங்கதி.

கடைமடைக்காரன்:
குடத்துக்குச் சரி அக்கா. ஆற்றுக்கு எத்தனை மூட்டை வெந்தயம் கொட்டுவது?

ஐயாறு அக்கா:
ஆற்றுக்கு யார் சொன்னது தம்பி? குடிநீர்த் தொட்டிக்குச் சொன்னேன். அடியில் தங்கும் கசடைத் தனியே எடுத்துவிடலாம்.

வெண்ணாற்றங்கரை:
சரி, உரத்தை விட்டுவிடுகிறேன். அரித்த செடியைக் காயவைத்துச் செங்கல் சூளைக்குக் கொடுத்தால்?

கடைமடைக்காரன்:
கொடுங்கள். வேரில் ஒட்டிய நெகிழியும் சேர்ந்துதான் எரியும். புகை எந்த ஊர்ப் பக்கம் அடிக்கும், அதையும் சொல்லிவிடுங்கள் அண்ணே.