சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் விடுவது சரியா? ஒரு நாற்சந்தியின் கணக்கோடு விவாதம்

நொய்யல்கரை:
கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை அணைத்து, நடுவே பேரிகார்டு போட்டு அடைத்து, இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் தள்ளி யூ-டர்ன் விட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் இதே கோரிக்கை வருகிறது. நான் இதை ஆதரிக்கிறேன். எதிர்ப்பவர்கள் எண்களோடு வாருங்கள். எல்லாரும் ஒரே சந்திப்பைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு வைக்கிறேன்.

மெயின் ரோடு பக்கத்துக்கு 10.5 மீட்டர், நடுவில் 1.2 மீட்டர் மீடியன். குறுக்கு ரோடு பக்கத்துக்கு 7 மீட்டர். உச்ச நேரத்தில் மெயின் ரோட்டின் ஒவ்வொரு திசையிலிருந்தும் மணிக்கு 1200 பிசியூ (எல்லா வகை வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றிய அலகு), அதில் 200 வலதுபுறம் திரும்புபவை. குறுக்கு ரோட்டில் திசைக்கு 600: நேராக 300, இடது 150, வலது 150.

நம் ஊர் வழக்கப்படி ஒரு திசை முடிந்ததும் அடுத்த திசை என்று நான்கு ஃபேஸ் (பச்சை முறை) ஓட்டினால் என்ன ஆகிறது? இந்தியச் சாலைப் பேரவையின் (ஐஆர்சி) 93-ஆம் வழிகாட்டி (1985) படி சாச்சுரேஷன் ஃப்ளோ, அதாவது பச்சை தொடர்ந்து எரிந்தால் ஒரு மணியில் போகக்கூடியது, ரோட்டின் அகலத்தில் மீட்டருக்கு 525. மெயின் ரோட்டுக்கு 5512, குறுக்கு ரோட்டுக்கு 3675. வருவதை இதனால் வகுத்த விகிதங்கள் 0.218, 0.218, 0.163, 0.163. கூட்டினால் 0.76. ஃபேஸ் மாறும்போது 5 நொடி வீண் என்று வைத்தால் மொத்தம் 20 நொடி. சைக்கிள், அதாவது எல்லா ஃபேஸும் ஒரு சுற்று முடியும் நேரம், எவ்வளவு என்று சொல்லும் வெப்ஸ்டர் சூத்திரத்தில் போடுங்கள்: 20-ஐ 1.5-ஆல் பெருக்கி 5 கூட்டினால் 35. அதை 0.24-ஆல் வகுத்தால் 146 நொடி. மெயின் ரோட்டுக்காரருக்குக் கிடைக்கும் பச்சை 36 நொடி, சிவப்பில் நிற்பது 110 நொடி. சீரான வருகை என்று வைத்தாலே வண்டிக்குச் சராசரி 53 நொடி தாமதம்.

அடைத்துவிட்டால் இந்தக் காத்திருப்பே கிடையாது. நாற்சந்தியில் வண்டிக்கும் வண்டிக்குமான மோதல் புள்ளிகள் 32. அதில் குறுக்கே வெட்டும் 16-தான் ஆளைக் கொல்பவை. அந்தப் 16-ம் பூஜ்யம் ஆகிவிடும்.

மஞ்சள்விளக்கு:
146 என்ற விடை சரி. ஆனால் அது சிக்னலின் தோல்வி கிடையாது, திசைக்கு ஒரு ஃபேஸ் என்று ஓட்டும் முறையின் தோல்வி. எதிரெதிர் நேர்போக்குகளைச் சேர்த்து விடுங்கள், எதிரெதிர் வலது திருப்பங்களைத் தனியாகச் சேர்த்து விடுங்கள். வலதுக்கு 3.5 மீட்டர் தடம் பிரித்துக் கொடுத்தால் ஐஆர்சி அட்டவணைப்படி அதற்கு 1890. மெயின் நேர் 1000/3675, மெயின் வலது 200/1890, குறுக்கு நேரும் இடதும் 450/1890, குறுக்கு வலது 150/1890. கூட்டுத்தொகை 0.695. சைக்கிள் 115 நொடி. ஒரு பேரிகார்டு இல்லாமல், கன்ட்ரோலரில் திட்டத்தை மாற்றியே 31 நொடி மிச்சம். தடக்கோடு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

அடுத்தது, காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஒரே 146 ஓடுவதுதான் மக்கள் சிக்னலை வெறுக்கக் காரணம். நாளுக்கு நான்கு திட்டம், நள்ளிரவுக்குப் பின் மின்னும் மஞ்சள் என்று வைத்தால் பாதிப் புகார் அடங்கிவிடும்.

உங்கள் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நடுவை முழுதாக அடைத்தால் யூ-டர்னுக்குப் போவது வலது திருப்பம் மட்டுமா? குறுக்கு ரோட்டில் நேராகப் போக வேண்டிய 300-ம் இடது திரும்பி, யூ-டர்ன் அடித்து, திரும்பி வந்து மறுபடி இடது திரும்ப வேண்டும். ஆக ஒவ்வொரு யூ-டர்னிலும் 200 + 150 + 300 = 650. எதிரே வருவது மணிக்கு 1200. நுழைய 5 நொடி இடைவெளி வேண்டும், பின்னால் நிற்பவர் 2.5 நொடியில் தொடர்வார் என்று வைத்து இடைவெளிச் சூத்திரத்தில் போட்டால் அந்த வாயில் மணிக்கு விடக்கூடியது 400-தான். 650 வருகிறது, 400 போகிறது. மீதி 250 எங்கே நிற்கும்? மெயின் ரோட்டின் வேகத் தடத்தில்.

நொய்யல்கரை:
5 நொடி என்பது காருக்கு. நம் ஓட்டத்தில் பெரும்பகுதி இருசக்கரம். அவர்கள் 3.5 நொடியில் நுழைகிறார்கள், 2 நொடியில் அடுத்தவர். அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 768 வருகிறது. 650 தாராளமாகப் போகும்.

மஞ்சள்விளக்கு:
எல்லாரும் இருசக்கரம் என்றால் 768. ஒரு டவுன் பஸ் வந்தால்? 12 மீட்டர் பஸ் திரும்ப ஏறத்தாழ 24 மீட்டர் விட்டம் வேண்டும். உங்கள் ரோட்டில் இருப்பது சொந்தத் தடம் 3.5, மீடியன் 1.2, எதிர்ப்பக்கம் 10.5. மொத்தம் 15.2. ஒரே வீச்சில் திரும்பாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். அதுவரை எதிர்த்திசையின் மூன்று தடமும் நிற்கும். 768 என்ற எண் அந்த ஒரு நிமிடத்தில் காணாமல் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. யூ-டர்ன் நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் காட்டும் இடங்களில் அந்த இடைவெளியைத் தருவது யார்? அதற்கு முந்தைய சந்திப்பில் உயிரோடு இருக்கும் சிக்னல். அது வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து விடுகிறது. கூட்டம் போனபின் 20, 30 நொடி ரோடு காலி. அந்த நேரத்தில் எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். இதைப் பார்த்து அந்தச் சிக்னலையும் எடுத்தால், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறி வரும். முதல் யூ-டர்ன் வெற்றி, ஐந்தாவது யூ-டர்னில் எல்லாமே நெரிசல்.

நடைவழி:
சாலையைக் கடக்கிறவரின் கணக்கையும் போடுவோம். 10.5 மீட்டரை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 9 நொடி. பார்த்து, முடிவெடுத்து, காலை வைக்க 2 நொடி. 11 நொடி இடைவெளி வேண்டும். யூ-டர்ன் வண்டிகளும் சேர்ந்தபின் அந்தப் பக்கத்தில் மணிக்கு 1500-க்குக் குறையாது. 1550 என்று வைத்து, சிதறி வரும் ஓட்டத்தில் 11 நொடிக்கு மேற்பட்ட இடைவெளி எத்தனை என்று பார்த்தால் மணிக்கு 14. நாலு நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் பாதி ரோட்டுக்கு மட்டும். மீதிப் பாதிக்கு 1.2 மீட்டர் மீடியனில் நின்று மறுபடி ஒரு நாலு நிமிடம்.

இது பிசியூவில் போட்ட கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். இருசக்கரம் அதிகமானால் உண்மையான வண்டி எண்ணிக்கை 1550-ஐவிட அதிகம், இடைவெளி இன்னும் குறைவு. நாலு நிமிடம் யாரும் நிற்க மாட்டார்கள். கையைக் காட்டிக்கொண்டு இறங்குவார்கள். அந்த இடத்தில் வண்டிகள் சிவப்பைப் பார்த்து வேகம் குறைப்பதும் இல்லை, ஏனென்றால் சிவப்பே இல்லை. 'நடை மேம்பாலம் கட்டலாம்' என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். முழங்கால் வலிக்காரரும் மளிகைப் பை தூக்குகிறவரும் ஏற மாட்டார்கள்.

நொய்யல்கரை:
நடைவழியின் 14 என்ற எண்ணை ஏற்றுக்கொள்கிறேன். மஞ்சள்விளக்கு சொன்ன 300-ம் நான் விட்டதுதான். எனவே முழு அடைப்பைக் கைவிட்டு இப்படி மாற்றுகிறேன்: சிக்னல் இருக்கட்டும், வலது திருப்பத்தை மட்டும் தடை செய்வோம். சிக்னலுக்கு இரண்டே ஃபேஸ். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1960-களிலிருந்து செய்வது இதுதான். அவர்கள் வலப்பக்கம் ஓட்டுவதால் அங்கே தடை இடது திருப்பத்துக்கு, நமக்கு வலதுக்கு.

புதுக் கணக்கு. மெயின் ரோட்டில் திசைக்குச் சொந்த 1200, எதிர்த்திசையின் வலது 200 யூ-டர்ன் அடித்து வந்து இடது திரும்புவது, குறுக்கு ரோட்டின் வலது 150 யூ-டர்ன் அடித்து வந்து நேராகப் போவது. மொத்தம் 1550. விகிதம் 0.281. குறுக்கு ரோடு அதே 600, விகிதம் 0.163. கூட்டு 0.444. வீண் நேரம் 10 நொடிதான். வெப்ஸ்டர் தருவது 36 நொடி!

36-ஐ அப்படியே ஓட்டச் சொல்லவில்லை. மெயின் ரோட்டை முழுதாகக் கடக்க 22.2 மீட்டர், அதற்கு 18.5 நொடி, தொடக்கத்துக்கு 7 நொடி. குறுக்கு ரோட்டின் பச்சை குறைந்தது 26. மெயினுக்கு 30. சைக்கிள் 66 நொடி. மெயின் ரோட்டுத் தாமதம் 53-லிருந்து 14 நொடிக்கு இறங்குகிறது. கடப்பவருக்கு 66 நொடிக்கு ஒருமுறை உறுதியான பச்சை. யூ-டர்னில் 650-க்குப் பதில் 350. காருக்கான 400-க்குள்ளேயே அடங்குகிறது. முந்தைய சந்திப்பில் சிக்னல் இருப்பதால் கூட்டமும் காலி இடமும் மாறி மாறி வரும், அதனால் உண்மையில் 400-க்கு மேலேயே போகும்.

நடைவழி:
26-க்கு நன்றி. ஆனால் 1.2 என்பது நல்ல காலுள்ளவரின் வேகம். பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில் பக்கத்தில் 1.0 எடுங்கள். அப்போது 29 முதல் 30 ஆகும், சைக்கிள் 70. அதனால் ஒன்றும் கெடாது. மீடியன் 2 மீட்டராவது வேண்டும், 1.2-ல் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ நிற்க முடியாது. இரண்டு ஃபேஸில் இடது திரும்பும் வண்டிகள் அதே பச்சையில் கடப்பவர் மேல் வரும். ஃப்ரீ லெஃப்டை (சிக்னலுக்கு நிற்காத இடது திருப்பத்தை) மூட வேண்டும், அல்லது நடப்பவருக்கு 4 நொடி முன்கூட்டியே பச்சை தர வேண்டும். உங்கள் திட்டத்தில் இடது திருப்பம் கூடுகிறது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

மஞ்சள்விளக்கு:
இது முதல் பதிவைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் மூன்று இடத்தில் எனக்குச் சம்மதமில்லை.

முதலாவது, மிச்சிகனில் மீடியன் 18 மீட்டர் அளவுக்கு அகலம். நம்மிடம் 1.2. பஸ் பிரச்சினை அப்படியே இருக்கிறது. யூ-டர்னுக்கு எதிரே சாலையோரத்தை 9 மீட்டராவது வயிறுபோல் அகலப்படுத்த இடம் கிடைக்காவிட்டால், பஸ்களுக்குச் சந்திப்பிலேயே வலதுபுறம் 8 நொடி தனிப் பச்சை தாருங்கள். மூன்றாவது ஃபேஸ் வருவதால் சைக்கிள் 80-ஐ ஒட்டிப் போகும், பரவாயில்லை.

இரண்டாவது, தூரம். குறுக்கு ரோட்டிலிருந்து இடது திரும்பி வருபவர் மூன்று தடத்தைத் தாண்டி மீடியன் பக்கம் போக வேண்டும். யூ-டர்ன் 60 மீட்டரில் இருந்தால் குறுக்காகப் பாய்வார், பின்னால் வருபவர் பிரேக் அடிப்பார். 200 மீட்டர் என்றால் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 18 நொடி கிடைக்கும், போதும். 400 மீட்டருக்குக் கொண்டுபோனால் யாரும் போக மாட்டார்கள், எதிர்த்திசையில் ஓரமாக வருவார்கள். எதிர்த்திசையில் வரும் ஒரு பைக், நீங்கள் நீக்கிய மோதல் புள்ளிகளைப் புது இடத்தில் பிறப்பிக்கிறது. இடத்துக்கேற்ப 150-க்கும் 200-க்கும் நடுவே வையுங்கள், மிச்சிகனிலும் ஏறத்தாழ 200-தான்.

மூன்றாவது, வலது திரும்புபவருக்கு என்ன லாபம்? போக 200, வர 200. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 48 நொடி. அதோடு யூ-டர்ன் காத்திருப்பு, சிலருக்கு இரண்டாவது முறை சிக்னல். அவர் தோற்கிறார், மற்றவர் ஜெயிக்கிறார். யூ-டர்னுக்கு 350 பேர் தோற்று மீதிப் பேர் ஜெயிக்கும் இடத்தில் செய்யலாம். வலது திருப்பம் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் சந்திப்பில் இதைத் தொடவே கூடாது.

வடக்குவெளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எல்லாரும் ஒரு அடிப்படையைத் தாண்டிப் போகிறீர்கள். இந்த 1200 பிசியூ எந்தப் புத்தகத்தின் பிசியூ? ஐஆர்சி 106 (1990) படி இருசக்கரம் பத்து சதவீதம் தாண்டினால் 0.75. 2017-ல் வந்த இந்தோ-எச்சிஎம் (இந்தியச் சாலைகளின் கொள்ளளவுக் கையேடு) சிக்னலில் இருசக்கரத்துக்கு 0.4 தருகிறது. 1000 பைக் ஒன்றில் 750, இன்னொன்றில் 400. 0.4-ல் எண்ணிவிட்டு 525-ஐ வைத்து வகுத்தால் ரோடு காலியாக இருப்பதுபோல் தெரியும். பிசியூவும் சாச்சுரேஷன் ஃப்ளோவும் ஒரே புத்தகத்திலிருந்து வர வேண்டும்.

அதைவிட நல்லது அதே இடத்தில் அளப்பது. நிறுத்தக் கோட்டுக்கு மேலிருந்து வீடியோ எடுத்து, பச்சையை 5 நொடித் துண்டுகளாக வெட்டி எண்ணுங்கள். முதல் துண்டில் முன்னால் வந்து குவிந்த பைக்குகள் மொத்தமாகப் பாயும், அதைச் சேர்த்தால் எண் பொய்யாக ஏறும். வரிசை தீர்ந்தபின் வரும் துண்டுகளையும் விடுங்கள். நடுத் துண்டுகளை 20 சைக்கிளுக்கு எடுத்தால் போதும்.

நொய்யல்கரை:
வடக்குவெளி சார் சொன்ன அளவீட்டைச் செய்த பிறகே திட்டம் போட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்குத் தனிப் பச்சையும் சரி. ஆனால் விபத்து விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வலது திருப்பத்தை நிறுத்திய இடங்களில் பக்கவாட்டில் மோதும் விபத்து குறையத்தான் செய்யும்.

மஞ்சள்விளக்கு:
பக்கவாட்டு மோதல் குறையும், மறுக்கவில்லை. 'ஒரு வருடத்தில் பாதியாகக் குறைந்தது' என்ற வகைக் கணக்கைத்தான் மறுக்கிறேன். மோசமான வருடத்தைப் பார்த்து ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாமலே அடுத்த வருடம் எண் இறங்கும். முன்னே மூன்று வருடம், பின்னே மூன்று வருடம், கூடவே கை வைக்காத இரண்டு சந்திப்புகள் என்று ஒப்பிட வேண்டும். யூ-டர்ன் வாயிலில் நடந்த விபத்தையும் சந்திப்புக் கணக்கில் சேருங்கள். பெரும்பாலும் அது வேறு இடம் என்று தனியாகப் போய்விடுகிறது. மூன்று வருடம் காத்திருக்க முடியாது என்றால் கேமராப் பதிவில் மயிரிழையில் தப்பியவற்றை எண்ணலாம்.

இரவில் எதிரொளிப்பான் இல்லாத இரும்பு பேரிகார்டு மேல் பைக் மோதுவதும் இந்தத் திட்டத்தின் விபத்துதான். சோதனை என்று சொல்லி வைத்த பேரிகார்டு வருடக்கணக்கில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது: தரத்தைப் பின்பற்றாத வடிவமைப்பால் உயிரோ உறுப்போ போனால் வடிவமைத்தவருக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இதைப் படித்திருக்க வேண்டும்.

நடைவழி:
சோதனை எத்தனை நாள், எதைப் பார்த்து நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். என் பக்கத்திலிருந்து இரண்டு: கடப்பவரின் சராசரிக் காத்திருப்பு 40 நொடியைத் தாண்டினால், எதிர்த்திசையில் வரும் வண்டி மணிக்கு 10-ஐத் தாண்டினால், பேரிகார்டை அன்றே எடுக்க வேண்டும்.

நொய்யல்கரை:
40 சரி. எதிர்த்திசைக்கு 10 மிகக் கடுமை, முதல் வாரம் 30 வரை விடுங்கள், பழக வேண்டும்.

நடைவழி:
முதல் வாரம் 30, இரண்டாம் வாரத்திலிருந்து 10. எண்ணுகிறவர் காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8, மூன்று வேலை நாள், இரண்டு யூ-டர்னிலும் நிற்க வேண்டும்.